குடிலில் ‘ல்’ போனால்

பண்டிகை மலர்களில் புதிர்ப் பக்கம் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த புதிர் அமைப்பாளர்களே,

தீபாவளி மலரோ, பொங்கல் மலரோ, கிறிஸ்துமஸ் சிறப்பிதழோ, கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது உங்கள் பக்கத்தைத்தான். சிறுகதையும் கட்டுரையும் பிறகு. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் பாட்டியும் ஒரே தாளைச் சுற்றி உட்கார்ந்து மல்லுக்கட்டும்படி செய்வது அந்த ஒரு பக்கம்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: வேற்று மொழிப் புதிரைத் தமிழில் பெயர்த்துப் போடாதீர்கள். தமிழ் எழுத்துகளிலேயே கிடக்கும் விளையாட்டை எடுத்து ஆடுங்கள்.

இதைக் கேட்க வைத்தது ஒரு சிறுவர் இதழின் கிறிஸ்துமஸ் பக்கம். ஏ முதல் இஸட் வரை ஆங்கில எழுத்துகள் பெரிதாக அச்சாகியிருந்தன. அவற்றில் ‘எல்’ மட்டும் இல்லை. “இது எந்தப் பண்டிகையைக் குறிக்கிறது?” என்று கீழே கேள்வி. எங்கள் வீட்டுச் சிறுமி விரல் வைத்து எண்ணி, விடுபட்ட எழுத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு மேல் நகர முடியவில்லை. கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தால் ‘நோயல்’ என்று மட்டும் இருந்தது. “நோயல் அண்ணன் பேரா?” என்று கேட்டாள். தெருவில் அந்தப் பெயரில் ஒரு பையன் இருக்கிறான். விளக்கம் கேட்டு அவள் புத்தகத்தை நீட்டியபோது, குற்றம் அவளுடையது இல்லை என்று சொல்லத் தோன்றியது.

அந்தப் புதிர் ஆங்கிலத்தில் அருமையான புதிர். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் ‘நோயல்’ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வேர் லத்தீனில், பிறப்பு தொடர்பானது என்ற பொருளில் இருக்கிறது. பிரெஞ்சில் எழுதும்போது ‘ஈ’ என்ற எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். முன்னால் உள்ள ‘ஓ’வோடு ஒட்டாமல் தனியாக ஒலிக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். ஆக வாயில் அது ‘நோ-எல்’ என்று இரண்டு அசையாக விழுகிறது. ஆங்கிலத்தில் ‘நோ’ என்றால் இல்லை. ‘எல்’ என்றால் ஓர் எழுத்தின் பெயர். எல் இல்லாத எழுத்து வரிசையைக் காட்டினால் ‘நோ எல்’, அதாவது கிறிஸ்துமஸ். வாழ்த்து அட்டையில் வேறு ஒரு சொல்லும் வேண்டாம்.

ஆனால் சொல்லைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களிடமே இந்த விளையாட்டு செல்லாது. அவர்கள் மொழியில் ‘இல்லை’ என்பதற்கு ‘நோ’ கிடையாது. சொல் ஒரு வீட்டில் பிறந்து, அதன் விளையாட்டு வேறொரு வீட்டில் பிறந்திருக்கிறது. இப்படி ஆங்கிலத்தின் மறுப்புச் சொல்லையும் ஆங்கில எழுத்தின் பெயரையும் நம்பி நிற்கும் ஒன்றைத் தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அவள் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பண்டிகையும் எழுத்தும் சேர்ந்து விளையாடும் இடங்களை மற்ற மொழிகளில் தேடிப் பார்த்தால், ஒவ்வொரு மொழியும் தன் எழுத்தின் ஏதோ ஒரு விசித்திரத்தை வைத்தே ஆடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது யூதர்களின் ஹனுக்கா பம்பரம். கி.மு. 164-இல் எருசலேம் ஆலயத்தை மீண்டும் அர்ப்பணித்ததை நினைத்து, எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாடும் பண்டிகை அது. பிள்ளைகள் நாலு முகமுள்ள சிறு பம்பரம் சுற்றுவார்கள். முகத்துக்கு ஓர் எபிரேய எழுத்து: நூன், கிமெல், ஹே, ஷின். நடுவில் கொட்டை, காசு, மிட்டாய் என்று ஏதோ ஒரு பந்தயப் பொருள் குவிந்திருக்கும். நூன் விழுந்தால் ஒன்றும் கிடையாது. கிமெல் என்றால் முழுக் குவியலும் உனக்கு. ஹே என்றால் பாதி. ஷின் விழுந்தால் உன் கையிலிருந்து ஒன்றை வைக்க வேண்டும். இந்த நாலும் இத்திஷ் மொழியில் ‘ஒன்றுமில்லை, முழுதும், பாதி, வை’ என்ற சொற்களின் முதல் எழுத்துகள். ஜெர்மன் நாட்டுச் சூதாட்டப் பம்பரத்திலும் இதே நாலு சொற்களின் முதல் எழுத்துகள்தான் ஜெர்மன் வடிவில் இருந்தன.

அழகு இனிமேல்தான். அதே நாலு எழுத்தை முதலாக வைத்து எபிரேயத்தில் ஒரு வாக்கியம் அமைத்தார்கள்: நெஸ் காதோல் ஹாயா ஷாம். “அங்கே ஒரு பெரிய அற்புதம் நிகழ்ந்தது.” சூதாட்டப் பம்பரம் பண்டிகைப் பம்பரமாகிவிட்டது. இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் ஷின் இருக்காது; அந்த முகத்தில் பே என்ற எழுத்து இருக்கும். அற்புதம் நடந்த மண்ணிலேயே நின்று சொல்வதால் ‘ஷாம்’ என்ற ‘அங்கே’ போய், ‘போ’ என்ற ‘இங்கே’ வந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்தை மாற்றி, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று காட்டிவிடுகிறார்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு. நூன் 50, கிமெல் 3, ஹே 5, ஷின் 300, கூட்டினால் 358. எபிரேயத்தில் மெசியா என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினாலும் அதே 358 வரும். அதைப் பம்பரத்தோடு சேர்த்துப் பேசி மகிழ்வோர் உண்டு. நம்மிடமும் எழுத்துக்கு எண் உண்டு. அ என்றால் 8, வ என்றால் கால். எட்டேகால் என்று எண்ணைச் சொல்லி ‘அவ’ என்று உணர்த்தும் தனிப்பாடல் ஔவையார் பெயரில் வழங்குகிறதே.

கிறிஸ்துமஸை ஆங்கிலத்தில் சுருக்கி எக்ஸ்-மஸ் என்று எழுதுவதைக் கண்டு, கிறிஸ்துவின் பெயரையே அடித்துவிட்டார்கள் என்று மனம் வருந்துவோர் இருக்கிறார்கள். அந்த வருத்தம் தேவையில்லை. அது எக்ஸ் அல்ல. கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து எக்ஸ் வடிவத்தில்தான் இருக்கும்; ஒலி மட்டும் ககரத்தை ஒத்தது. பெயரின் முதல் எழுத்தைப் பெயருக்கு அடையாளமாக வைக்கும் பழக்கம் ஆதித் திருச்சபையிலிருந்தே வருகிறது. ‘இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்’ என்பதன் கிரேக்க முதல் எழுத்துகளைச் சேர்த்தால் மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வரும். மீன் கிறிஸ்தவர்களின் அடையாளமானதில் இந்த எழுத்து விளையாட்டுக்கும் பங்கு உண்டு. நகைக்க மட்டுமல்ல, நம்பிக்கையைச் சொல்லவும் சொல்விளையாட்டு உதவியிருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்தது ஹவாய். அங்கே கிறிஸ்துமஸ் வாழ்த்து ‘மெலெ கலிகிமக்க’. ஏதோ தனிச்சொல் போல் ஒலிக்கும். அது ‘மெர்ரி கிறிஸ்மஸ்’ என்பதேதான், ஹவாய் நாவில் உருண்டு வந்தது. ஹவாய் மொழியில் இன்று 13 எழுத்துகள். ஐந்து உயிர், எட்டு மெய். அந்த எட்டில் ஒன்று தொண்டையில் ஒலியைச் சட்டென நிறுத்தும் அடையாளம். ர இல்லை, ச இல்லை, ஸ் இல்லை. இரண்டு மெய் அடுத்தடுத்து வராது. எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது. 1820-களில் அச்சேற்ற வந்த மிஷனரிகளின் காதில் ல-வும் ர-வும் மாறி மாறி விழுந்தன, க-வும் த-வும் அப்படியே. எதை வைத்துக்கொள்வது என்று 1826-இல் அவர்கள் வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். ல நின்றது, ர போனது. இந்த வாழ்த்தையே தலைப்பாக வைத்து ஆர். அலெக்ஸ் ஆண்டர்சன் 1949-இல் எழுதிய பாட்டைப் பிங் கிராஸ்பி மறு ஆண்டு பாடி உலகெங்கும் கொண்டு சேர்த்தார்.

கிறிஸ்மஸ் என்ற ஆங்கில ஒலியை ஹவாய்க்காரர் ‘கலிகிமக்க’ என்றார்கள். ஜப்பானியர் ‘குரிசுமசு’ என்கிறார்கள். நாம் ‘கிறிஸ்மஸ்’ என்றும் ‘கிறித்துமசு’ என்றும் எழுதுகிறோம். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மூன்று மொழியும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. தொடக்கத்தில் ‘க்ர்’ என்று இரண்டு மெய் முட்டிக்கொள்வதைப் பொறுக்காமல் நடுவில் ஓர் உயிரைச் சொருகியிருக்கின்றன. கடைசி ஸ்-ஐ அப்படியே விட ஹவாய்க்கும் ஜப்பானுக்கும் மனம் வரவில்லை; ‘மசு’ என்று எழுதும் நம்மவருக்கும் வரவில்லை. பசிபிக் கடலின் தீவுகளில் இருப்பவர்களோடு நமக்கு இப்படி ஒரு சொந்தம் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்கள் கண் விரியும். இது மொழிபெயர்த்த புதிர் இல்லை, மொழிகளைப் பக்கத்தில் உட்கார வைக்கும் புதிர். இந்த வகையை நீங்கள் தாராளமாகப் போடலாம்.

சீனாவிலும் ஜப்பானிலும் புத்தாண்டே சிலேடையால் நிறைந்தது. விரிவாகச் சொன்னால் மடல் நீளும். சீனத்தில் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஏறத்தாழ 400 அசைகள்தான், அதனால் ஒரே ஒலியில் பல சொற்கள் வந்து விழும். நற்பேற்றைக் குறிக்கும் எழுத்தைத் தலைகீழாகக் கதவில் ஒட்டுவார்கள். ‘தலைகீழானது’ என்பதும் ‘வந்து சேர்ந்தது’ என்பதும் அங்கே ஒரே ஒலி. மீனும் மிச்சமும் ஒரே ஒலி, அதனால் புத்தாண்டு விருந்தில் மீன். ஜப்பானில் புத்தாண்டுக்கு வைக்கும் மோச்சி என்ற அரிசிப் பண்டத்தின் உச்சியில் ‘தைதை’ என்ற கிச்சிலிப் பழம் ஒன்று உட்காரும். தலைமுறை தலைமுறையாக என்பதற்கும் அதே ஒலி.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

ஆங்கிலப் புதிர்களில் ஒரு வகை, சொல்லின் தலையை வெட்டி வேறு சொல் கண்டுபிடிப்பது. அதைப் பார்த்துத் தமிழிலும் ‘முதல் எழுத்தை நீக்குக’ என்று போடுகிறீர்கள். பெரும்பாலும் அது முடங்குகிறது. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ல, ர, ழ, ள, ற, ன, ண, ட ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நிற்பதில்லை. தொல்காப்பியர் காலத்து விதி. லட்சத்தை இலட்சம் என்றும், ராமனை இராமன் என்றும் எழுதியது அதனால்தான். தீபாவளி லட்டும் ரவா லாடும் அகராதியில் வந்த விருந்தாளிகள். கரும்பின் தலையை வெட்டினால் ‘ரும்பு’ என்று முண்டம்தான் மிஞ்சும், சொல் மிஞ்சாது.

தலையை வெட்டாமல் மாற்றிப் பாருங்கள். அரும்பு, இரும்பு, துரும்பு, விரும்பு, திரும்பு என்று வரிசையாக வந்து நிற்கும். “மென்றால் இனிப்பேன்; தலை மாறினால் மலரக் காத்திருப்பேன்; இன்னொரு தலை வைத்தால் காந்தத்தோடு போவேன்.” பொங்கல் மலருக்கு இதைவிடத் தோதான புதிர் எது? இதிலேயே ஒரு கண்ணியும் வைக்கலாம். அதே ஒலியில் எறும்பும் குறும்பும் வரும், ஆனால் அவற்றில் பெரிய ற. சின்ன ர-வா பெரிய ற-வா என்று பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு முடிவுக்கு வரும்போது, எழுத்துப்பிழை ஒன்று அவர்கள் கையாலேயே திருந்தியிருக்கும்.

தலையை மாற்றலாம் என்றால், வாலை வெட்டலாம். தமிழுக்கு அது நன்றாக ஒத்துப்போகும். பட்டாசில் கடைசி எழுத்து போனால் பட்டா. பொங்கலில் ல் போனால் பொங்க. கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலிலும் ஆலயத்திலும் வைக்கோல் பரப்பி, பொம்மைகள் வைத்துக் கட்டுகிறோமே குடில், அதில் ல் போனால் குடி. குடும்பம் என்றும் குடிமக்கள் என்றும் பொருள் தரும் அந்தப் பழைய குடி. “மாடும் ஆடும் இடையரும் கூடும் இடம், ல் போனால் ஊரில் வாழும் வீட்டார்.” எல் இல்லாத ஆங்கில வரிசைக்கு நேராக நிற்கத் தமிழில் ல் இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் புதிர் குடிலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வரும் டிசம்பரில் யார் வேண்டுமானாலும் இதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் எழுத்துகளின் உறுப்புகளுக்கு இருக்கும் பெயர்களே பாதிப் புதிர். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, விலங்கு, சுழி. ஆங்கில எழுத்துக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை. “மார்கழியில் உடம்பை நடுக்கும், காலை எடுத்தால் இலையில் வந்து உட்காரும்.” வாடை, வடை. “தீபாவளிக்குப் புதிதாக வரும், காலை எடுத்தால் தோசைக்கல்லில் வேகும்.” அடை என்று சொல்லிவிட்டு ஆடையில் காலைத் தேடும் பிள்ளை, ஆ என்ற உயிரெழுத்தில் துணைக்கால் இல்லையே என்று உங்களை மடக்கும். அது சரியான மடக்கு. அங்கே நெடில் குறிலாவதுதான் விளையாட்டு. பழைய ஆசிரியர்கள் அதை மாத்திரைச் சுருக்கம் என்றார்கள். புதிரின் வாசகத்தில் ‘காலை எடுத்தால்’ என்பதை ‘குறுகினால்’ என்று மாற்றிவிட்டால் பிழை இல்லை. இந்த நுணுக்கத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பை விட்டு எங்கே போவது? பொங்கலின் முதல் எழுத்தையே பாருங்கள், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் ஒரு கால். தை என்று எழுதினால் அதில் இணைக்கொம்பு. கொம்புக்கு வண்ணம் பூசும் மாதத்தின் பெயரிலேயே கொம்பு இருக்கிறது. இந்தக் கொம்புகளில் ஒன்றுக்குக் கிறிஸ்தவத் தொடர்பும் உண்டு. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்ட முன்பு புள்ளிதான் துணை; ஓலையில் புள்ளி வைப்பது அரிது. இரட்டைக்கொம்பு போட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறோம். இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடிய அதே பாதிரியார். ஒரு கிறிஸ்துமஸ் இதழில் கொம்புப் புதிர் போட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இவையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. தண்டியலங்காரம் சித்திரகவிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் நீங்கள் இன்று செய்யும் தொழில் அப்படியே இருக்கிறது. எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து வேறு வேறு பொருள் வரவைப்பது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். தனித்தனியாகக் கேள்வி கேட்டு, விடைகளைச் சேர்த்தால் இன்னொரு சொல் வரும்படி செய்வது வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். வினாவுத்தரத்தை இன்றைய பேச்சில் போட்டுப் பாருங்கள். “பிடி என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? ஒழுங்குக்கு இன்னொரு பெயர் என்ன? இரண்டும் சேர்ந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.” விடு, முறை, விடுமுறை. “நெஞ்சு எது? கூட்டாவிட்டால் என்ன செய்வாய்? இரண்டும் சேர்ந்தால் விடியற்காலைக் கோலம்.” மார், கழி, மார்கழி. ஒரு மாலைப் பொழுதில் பத்துப் பதினைந்து செய்துவிடலாம்.

எழுத்தைக் கைவிடும் விளையாட்டில் நம்மவர்கள் போன தூரம் வேறு. ஆங்கிலம் ஓர் எழுத்தை விட்டது. நம் புலவர்கள் உதட்டையே விட்டார்கள். ப, ம, வ வராமல், உதடு குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔ-வும் வராமல் பாடுவது நிரோட்டகம். சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் இப்படி ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார், அதே எழுத்துகள் வேறு பொருளில் மடங்கி வரும் யமகத்தையும் சேர்த்து. அந்த உயரம் நமக்கு வேண்டாம். தமிழ் மாதங்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உதட்டுக்கும் நடுவே ஒரு துரும்பை நிறுத்தி, துரும்பு அசையாமல் எந்த மாதங்களைச் சொல்ல முடியும் என்று கேளுங்கள். சித்திரை, ஆனி, ஆடி, கார்த்திகை, தை ஆகிய ஐந்தும் உதட்டைத் தொடாமல் போய்விடும். புரட்டாசி, ஐப்பசி, மார்கழி, மாசி, பங்குனி ஆகிய ஐந்தும் ப-விலோ ம-விலோ மாட்டிக்கொள்ளும். வைகாசியும் ஆவணியும் மேல்பல் கீழுதட்டைத் தொடும் வகரத்தோடு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஐந்து, ஐந்து, இரண்டு. பன்னிரண்டு மாதமும் இப்படிப் பிரிந்து நிற்பதை முதல்முறை சொல்லிப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு வாழ்த்துக்குப் போங்கள். ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்பதில் துரும்பு விழுந்துவிடும். ‘தை சிறக்க’ என்றால் விழாது. உதடு ஒட்டாத வாழ்த்து எழுதி அனுப்பச் சொல்லி ஒரு போட்டி வைக்கலாமே. தாத்தா பாட்டிகள்தான் முதலில் எழுதி அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு தொழில்நுட்பச் சங்கதி. உங்களில் பலர் இப்போது கட்டம் போட மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள். அவற்றில் பல ஆங்கிலத்துக்காகச் செய்தவை. கணினிக்குள் ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியும் என்று இரண்டு துண்டு. விகடகவியைத் திருப்பு என்றால் மென்பொருள் துண்டு துண்டாகத் திருப்பி, குறியை முதலில் வைத்து அலங்கோலம் செய்துவிடும். நமக்கோ வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. மாலைமாற்றின் அளவுகோல் உயிர்மெய்தான். இதே காரணத்தால்தான் ‘மலையாளம்’ என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் இருபுறமும் ஒன்றாக இருக்கிறது, அதன் சொந்த எழுத்திலோ நம் எழுத்திலோ எழுதினால் இல்லை. சம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடிய மொழியில், அச்சுக்குப் போகும் முன் கட்டங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். உயிர்மெய்யின் குறி தனிக் கட்டத்தில் அநாதையாக நிற்கும் பக்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டலையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கிறிஸ்துமஸ் என்றால் ஆறு கட்டம். கிறிஸ்மஸ் என்றால் ஐந்து. கிறித்துமசு மறுபடியும் ஆறு, ஆனால் எழுத்துகள் வேறு. திருச்சபைக்குத் திருச்சபை வழக்கமும் மாறும். ஒருவர் ரோமர் என்பதை இன்னொருவர் உரோமையர் என்பார். எந்த வடிவம் என்பதற்குக் குறிப்பிலேயே ஒரு சாடை காட்டிவிட்டால் வீட்டுக்குள் சண்டை வராது.

கடைசியாக, விடைகளை அச்சிடும்போது பக்கத்தில் ஒரு வரி காரணமும் அச்சிடுங்கள். ‘நோயல்’ என்று மட்டும் போட்டதால்தான் எங்கள் வீட்டுச் சிறுமிக்கு அது ஓர் அண்ணனின் பெயராகிப் போனது. இடம் போதாது என்றால் ஒரு புதிரைக் குறைத்துக்கொள்ளுங்கள், காரணத்தைக் குறைக்காதீர்கள்.

பொங்கல் மலருக்கு என் பங்காக ஒன்று. விடையையும் காரணத்தையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: வாடிவாசலில் சீறி வருவேன், காலை எடுத்தால் வயலில் குனிந்து பிடுங்குவார்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்தை முதலில் புரட்டும் வாசகர்களில் ஒருவர்